பலகைத் தளத்துக்கு அடித்தளம்



மெருகேற்றிய பலகைத் தளம் ஒன்றைக் கண்டவர் எவரும் முதலிற் கேட்பது, "இது என்ன மரம்?" என்பதே. தேக்கு என்றால் தலையசைப்பர். முதிரை என்றால் குனிந்து தடவியும் பார்ப்பர். "பலகையின் கீழே என்ன கிடக்கிறது?" என்று கேட்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஆனால், அத்தளம் ஐம்பது ஆண்டு நிலைத்து நிற்குமா, அல்லது அடுத்த மாரியிலேயே நெளிந்து எழும்புமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மரத்தின் பெயர் அன்று. கண்ணுக்குத் தெரியாமல் அதன் கீழே கிடக்கும் தளமே அதனை முடிவு செய்கிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. பலகைத் தளத்தைப் பொறுத்தவரை அந்தச் சுவர் தரையிலே கிடக்கிறது.

அடித்தளம் என்னும் சொல்லை இன்று நான் எப்பொருளில் வழங்குகின்றேன் என்பதை முதலிற் கூறிவிடுகின்றேன். கட்டடத்தைத் தாங்கும் அத்திவாரத்தை நான் குறிப்பிடவில்லை. பலகையை ஆணி அடித்தோ ஒட்டியோ எதன்மேற் பொருத்துகின்றோமோ, அதுவே இங்கு அடித்தளம். அது கொங்கிறீற்றுத் தளமாக இருக்கலாம். அதன்மேல் விரித்த ஒட்டுப்பலகையாக இருக்கலாம். பழைய வீடுகளிலே உத்தரங்களின்மேற் பரப்பிய முரட்டுப் பலகையாகவும் இருக்கலாம்.

நமது நாட்டிலே பலகைத் தளம் புதியதன்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே துரைமார் வாழ்ந்த பங்களாக்களிலும், ஒல்லாந்தர் காலத்து மாடிக் கட்டடங்களிலும் அதனைக் காணலாம். ஆயினும், சமவெளியிலே வாழும் நம்மவருக்குப் பழக்கமானவை சாணம் மெழுகிய மண்நிலமும், அதன் பின்னர் வந்த சீமெந்து நிலமுமே. இன்றோ நிலைமை மாறிவருகின்றது. பாடசாலை மண்டபங்கள், பூப்பந்தாட்ட அரங்குகள், நடனக் கூடங்கள், வளிச்சீராக்கி பொருத்திய அலுவலகங்கள், வசதி படைத்தோர் வீடுகள் ஆகியவற்றிலெல்லாம் பலகைத் தளம் இடம்பெறுகின்றது. நமது ஓடாவிமார் கதவிலும் யன்னலிலும் கூரையிலும் கைதேர்ந்தவர்கள். மாரியிலே கதவு வீங்கி நிலையிற் சிக்கினால், சீவுளியால் இரண்டு இழைப்பு இழைத்துச் சரிசெய்துவிடுவார்கள். ஆனால், சுவரிலிருந்து சுவர்வரை நெருக்கி அடித்த எண்பது பலகைகள் ஒருங்கே வீங்கினால் எதனைச் சீவுவது?

நான் கலைப் பட்டதாரி; பொறியியல் கற்றவன் அல்லன். ஆயினும், பாடசாலை அதிபராக இருப்பவர் கட்டட வேலைகளையும் மேற்பார்வை செய்ய வேண்டியவராகின்றார். பெற்றோரும் பழைய மாணவரும் சேர்த்த பணத்துக்கு அவர் பொறுப்பாளி. "வேலை திருப்தியாக முடிந்தது" என்று கையொப்பம் இடுபவர், எதைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும் அன்றோ? அந்த முறையிலே, தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் மரத்தின் இயல்பை நோக்குவோம். மரம் நீர் குடித்து வளர்வது. வெட்டி, அறுத்து, உலர்த்திய பின்னரும் அந்தப் பழக்கத்தை அது விடுவதில்லை. சுற்றியுள்ள காற்றில் ஈரம் மிகுந்தால் உறிஞ்சுகின்றது, குறைந்தால் வெளிவிடுகின்றது. காற்றின் சாரீரப்பதன் 80 வீதமாக இருக்கும் நாட்களிலே, நம் நாட்டு வெப்பநிலையில், மரத்தின் ஈரம் அதன் உலர்நிறையில் ஏறத்தாழ 16 வீதத்தை நோக்கி உயரும். வளிச்சீராக்கி இயங்கும் அறையிலே சாரீரப்பதன் 50 வீதமாக நின்றால், மரத்தின் ஈரம் ஏறத்தாழ 9 வீதத்தை நோக்கி இறங்கும். ஈரம் ஏறும்போது பலகை அகலத்தில் விரிகின்றது, இறங்கும்போது சுருங்குகின்றது. நீளத்தில் ஏற்படும் மாற்றமோ மிகச் சொற்பம்.

இதனைக் கணக்கிற் பார்ப்போம். தேக்கு அசைவு குறைந்த மரம் என்று பெயர் பெற்றது. அத்தேக்கும், பச்சை நிலையிலிருந்து முற்றாக உலரும்போது, ஆண்டு வளையங்களின் போக்கிலே 6 வீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்குகின்றது. மரத்தின் ஈரம் ஐந்து வீதம் மாறினால், அப்போக்கில் அறுத்த பலகையின் அகலம் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மாறும். மூன்று அங்குலப் பலகை ஒன்றிலே இதனைக் கண்ணாற் காண்பதும் அரிது. ஆனால், 20 அடி அகலமுள்ள மண்டபத்திலே அவ்வாறான எண்பது பலகைகள் வரிசையாகக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு அங்குலத்துக்கும் மேல் வருகின்றது. சுவருக்கும் பலகைக்கும் இடையே வெளி விடப்படாவிடின் அந்த இரண்டு அங்குலம் எங்கே போகும்? மேலே எழும்பும், வேறு வழியில்லை.

இனி, கீழே கிடக்கும் கொங்கிறீற்றை நோக்குவோம். கல்லைப் போல் இறுகியிருப்பதால் அது உலர்ந்துவிட்டது என்று நாம் எண்ணுகின்றோம். இறுகுவது வேறு, உலர்வது வேறு. 50 கிலோ சீமெந்து இரசாயன முறையில் இறுகுவதற்கு அதன் நிறையிற் காற்பங்கு அளவு நீர் போதும். அதாவது ஏறத்தாழ 12 லீற்றர். ஆனால், கலவை குழைந்து பரவுவதற்காக அதனிலும் இரு மடங்கு நீரை மேசன் ஊற்றுகின்றார். அதுவும் வேண்டியதே. எஞ்சிய நீர் தளத்தின் நுண்துளைகளினூடாக மெல்ல மெல்ல ஆவியாகியே வெளியேற வேண்டும். உலர்வதற்கு நல்ல வசதி இருந்தாலும், ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்பது தொழிலாளர் கையாளும் தோராயமான கணக்கு. நாலு அங்குலத் தளத்துக்கு நாலு மாதம். மழைக்காலம் குறுக்கிட்டால் அதுவும் போதாது. மேலும், தளத்தின் கீழே ஈரத்தடைப் படலம் விரிக்கப்படாவிடின், மண்ணின் ஈரம் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல இடையறாது ஏறிக்கொண்டே இருக்கும்.

இவற்றைப் புறக்கணித்தால் நேர்வது யாது? சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பாடசாலையின் மண்டபத் தளத்தைப் பார்வையிடச் சென்ற குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். ஊரவர் பலர் சேர்ந்து கொடுத்த பணம் அது. சந்தையிலே மரக்கறி விற்கும் தாய் ஒருவரும் ஐந்நூறு ரூபா கொடுத்திருந்தார். நன்கொடைப் புத்தகத்திலே அவர் பெயரை நான் கண்டேன். ஆடி மாதத்திற் கொங்கிறீற்று இட்டார்கள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. விருந்தினருக்கு அழைப்பும் போயிற்று. ஆகவே ஐந்து வாரங்களிலேயே அதன்மேற் பலகை ஏறிவிட்டது. விழா சிறப்பாக நடந்தது, படமும் பிடித்தார்கள். கார்த்திகை மழை தொடங்கிய பின்னர் நாங்கள் சென்றபோது, ஒவ்வொரு பலகையும் ஓரங்கள் உயர்ந்து நடுப்பகுதி தாழ்ந்து கூரை ஓடு போல வளைந்திருந்தது. பிள்ளைகள் அதில் ஓடினால் கால் இடறும். மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள்.

மரம் சரியில்லை என்றே எல்லோரும் கூறினார்கள். குழுவில் இருந்த முதிய ஓடாவியார் ஒருவர் மாத்திரம் ஒன்றும் பேசவில்லை. உளியால் ஒரு பலகையைக் கிளப்பிப் புரட்டிக் காட்டினார். அடிப்பக்கம் முழுவதும் வெண்பூஞ்சணம் பூத்திருந்தது. கொங்கிறீற்றின்மேல் நீர்த்துளிகள் முத்து முத்தாக நின்றன. "மரத்தைக் குற்றம் சொல்லாதேயுங்கோ, ஐயா. ஈரம் காயமுதல் மூடிப்போட்டினம்" என்றார். உயர்ந்த ஓரங்களை உடனே இழைத்துச் சமப்படுத்திவிடலாம் என ஒருவர் யோசனை கூறினார். அதற்கும் அவர் உடன்படவில்லை. அடிப்பக்கம் ஈரமாகவும் மேற்பக்கம் உலர்ந்தும் இருப்பதாலேயே பலகை இவ்வாறு வளைகின்றது. இப்போது ஓரத்தை இழைத்தால், பின்னர் ஈரம் வடிந்து பலகை நிமிரும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும் என்று விளக்கினார். ஈற்றில் எல்லாப் பலகைகளையும் கழற்ற வேண்டியதாயிற்று. இரண்டு தவணைகள் அம்மண்டபம் பயன்படவில்லை. மூன்று மாதம் பொறுத்திருந்தால் மீந்திருக்கக்கூடிய பணத்தை ஊரவரிடமே மறுபடியும் கேட்க நேர்ந்தது. அந்த நன்கொடைப் புத்தகத்தை இரண்டாம் முறை தூக்கிச் சென்றவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஆகவே முதற்பணி ஈரத்தைச் சோதிப்பது. எளிய முறை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான தடித்த பொலித்தீன் துண்டு ஒன்றைத் தளத்தின்மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். வெயில் நேரே படாத இடமாக இருத்தல் வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் சென்றபின் உரித்துப் பாருங்கள். பொலித்தீனின் அடியிலே நீர் அரும்பியிருந்தாலோ, தளத்தின் நிறம் கறுத்திருந்தாலோ, அங்கே பலகைக்கு இன்னும் வேளை வரவில்லை. ஒரே இடத்திற் பாராமல் மூலைகளிலும் சுவரோரங்களிலும் பார்த்தல் வேண்டும். ஆனால் ஒன்று: இச்சோதனையில் ஈரம் தெரிந்தால் அது உறுதி, தெரியாவிடினோ தளம் உலர்ந்துவிட்டது என்பதற்கு அது முழுச் சான்று ஆகாது. மேற்பரப்பு உலர்ந்தும் ஆழத்தில் ஈரம் தங்கியும் இருக்கலாம். பெரிய மண்டபங்களுக்குத் தளத்திலே துளையிட்டு, உள்ளே நிலவும் ஈரப்பதனை அளக்கும் கருவியைப் பயன்படுத்துவதே தக்கது.

இரண்டாவது பணி மட்டம் பார்த்தல். தளம் நீர்மட்டத்துக்குச் சரியாக இருப்பது நன்று. அதனினும் இன்றியமையாதது மேடு பள்ளம் இல்லாதிருப்பது. 10 அடி நீளமான நேரிய மட்டக்கோலை எப்பக்கம் வைத்துப் பார்த்தாலும், அதன் கீழே காணும் இடைவெளி ஓர் அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்குக்கு, அதாவது ஏறத்தாழ 5 மில்லிமீற்றருக்கு, மேற்படலாகாது. பள்ளத்தின்மேல் விழுந்த பலகை மிதிக்குந்தோறும் தாழ்ந்து எழும்பும், ஆணி தளரும், கிறீச்சிடும். மேட்டை அரைத்துத் தேய்க்க வேண்டும். பள்ளத்தை அதற்கென உள்ள சீமெந்துக் கலவையால் நிரப்பி, அக்கலவையும் உலரும்வரை காத்திருக்க வேண்டும். அட்டைத் துண்டும் மரச்சீவலும் செருகி மட்டமாக்குவது தற்காலிகமாகக் கண்ணை ஏமாற்றும் வித்தை, அவை நசுங்கிவிடும். கலவை கொட்டிய திட்டுகள், வர்ணம், எண்ணெய், தூசி ஆகியவற்றையும் சுரண்டித் துடைத்தல் வேண்டும்.

மூன்றாவது, தடுப்பும் தாங்கலும். உலர்ந்த தளத்தின்மேலும் ஈரத்தடை வேண்டியதே. பொலித்தீன் விரிப்பதாயின் 0.15 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்புடையதைத் தேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஆறு அங்குலம் படியும்படி விரித்து, பொருத்துக்களை ஒட்டி, சுவரோரங்களிற் சிறிது மேலே மடித்துவிட வேண்டும். ஆணி அடித்துப் பொருத்தும் பலகைக்கு அதன்மேல் முக்கால் அங்குலத் தடிப்புள்ள, ஈரத்தைத் தாங்கும் வகை ஒட்டுப்பலகையை இடுவது வழக்கம். அதன் தாள்களை ஒன்றோடொன்று முட்டவிடாது, அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு இடைவெளி விடுதல் வேண்டும். அதுவும் மரமே, அதுவும் விரியும். ஆணியினும் திருகாணி சிறந்தது. ஈற்றிலே பலகை இடும்போது சுவரைச் சுற்றி அரை முதல் முக்கால் அங்குலம் வெளி விடுங்கள். அகன்ற மண்டபமாயின் இன்னும் கூடுதலாக விடவேண்டும். சுவரடிப் பலகை அதனை மறைத்துவிடும். சுவரோடு ஒட்ட அடித்திருப்பதைக் கைத்திறன் என்று மெச்சுவோர் உளர். மரத்துக்கு மூச்சுவிட இடம் அளிப்பதே கைத்திறன்.

மலைநாட்டுப் பழைய வீடுகளுக்கு வேறொரு சொல் உண்டு. அங்கே உத்தரங்களின்மேற் பலகை கிடக்கும். கீழே வெற்றிடம் இருக்கும். வெளிச்சுவரின் அடியிலே காற்றோட்டத் துவாரங்கள் வைத்திருப்பார்கள். பாம்பும் எலியும் புகுகின்றன என்று அத்துவாரங்களைச் சீமெந்து பூசி அடைத்துவிடுவோர் பலர். அன்று தொடங்கிக் கீழுள்ள ஈரம் வெளியேற வழியின்றி உத்தரங்களை உண்ணத் தொடங்குகின்றது. அடைப்பதற்குப் பதிலாகக் கம்பிவலை பொருத்துங்கள். வெற்றிடத்தின் மண்ணைப் பொலித்தீனால் மூடிவிடுங்கள். பழைய அடிப்பலகைமேற் புதியதை இடுமுன், திருப்புளியின் நுனியால் உத்தரங்களைக் குத்திப் பாருங்கள். நுனி எளிதில் இறங்கினால் அந்த மரம் மாற்றப்பட வேண்டியது. முழுத் தளத்திலும் நடந்து கிறீச்சிடும் இடங்களைச் சுண்ணக்கட்டியாற் குறித்து, அங்கெல்லாம் உத்தரம்வரை திருகாணி முடுக்கி இறுக்குங்கள். எழும்பி நிற்கும் ஆணிகளையும் அடித்து உள்ளே இறக்கிவிடுங்கள்.

கறையானைப் பற்றிச் சொல்லாவிடின் நம் நாட்டில் இப்பேச்சு நிறைவு பெறாது. தளத்தின் கீழே மரத்துண்டும் சீவலும் புதைந்து கிடப்பதற்கு இடமளிக்கலாகாது. அவை கறையானுக்கு நாமே வைக்கும் விருந்து. கொங்கிறீற்று இடுமுன் மண்ணுக்கு மருந்திடும் வேலையைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு செய்விப்பது அறிவு. சுவரிலோ தளவெடிப்பிலோ மண்குழாய் காணப்பட்டால், அதன் வழியை அறிந்து தீர்க்கும்வரை பலகை வேலையைத் தொடங்கலாகாது.

இனி, பலகையையும் அவ்விடத்துக்குப் பழக்கவேண்டும். கூரை முடிந்து, யன்னல் பொருத்தி, சுவர்ப்பூச்சு உலர்ந்த பின்னரே பலகை மண்டபத்தினுள் வரவேண்டும். வளிச்சீராக்கி பின்னர் இயங்கப்போகின்றது என்றால், அப்போதே அதனை இயக்கிவிட வேண்டும். பலகைகளை இடையிடையே சிறு சட்டம் வைத்து, காற்று ஊடாடும்படி அடுக்குங்கள். எத்தனை நாள் என்பதை நாட்காட்டி சொல்லாது, ஈரமானியே சொல்லும். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த பலகையாயின், அதற்கும் கீழுள்ள ஒட்டுப்பலகைக்கும் இடையே ஈர வேற்றுமை நாலு வீதத்தை மீறலாகாது. மூன்று அங்குலமும் அதற்கு மேலும் அகன்ற பலகையாயின் இரண்டு வீதமே எல்லை.

இவை யாவும் இன்றைய கருவிகள் வந்தபின் தோன்றிய அறிவு என எண்ணவேண்டாம். கி. மு. முதலாம் நூற்றாண்டிலே வாழ்ந்த உரோமக் கட்டடக் கலைஞர் விற்றூவியசு, பத்துப் பாகங்கள் கொண்ட தமது நூலின் ஏழாம் பாகத்திலே, சுவரழகைப் பேசுமுன் தளத்தையே பேசுகின்றார். நிலம் எங்கும் கெட்டியாக உள்ளதா எனப் பார்த்துச் சமப்படுத்துக. நிரவிய மண்ணாயின் நன்கு இடித்து இறுக்குக. ஈரம் பட்டவுடன் முறுகும் மரத்தை மற்றதோடு கலவாதே. பலகையின் ஓரம் எழாதிருக்க ஒவ்வோர் உத்தரத்திலும் இரண்டு ஆணி அறைக. சுண்ணாம்பு மரத்தைத் தின்னாதிருக்க இடையே வைக்கோலையாவது பரப்புக என்பன அவர் கூறும் விதிகளின் சாரம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் பலகை வளைந்திருக்கின்றது. அதற்கான காரணத்தைக் கீழே தேடிய ஒருவரும் இருந்திருக்கின்றார்.

பணம் கொடுத்து வேலை செய்விப்போர் ஒப்பந்தகாரரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. கொங்கிறீற்று இட்ட நாள் எது? ஈரம் எங்கெங்கே சோதிக்கப்பட்டது, அளவு என்ன? மட்டக்கோல் வைத்துப் பார்த்தது யார்? சுவரோரம் விடப்பட்ட வெளி எவ்வளவு? இவற்றுக்குரிய விடைகளை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வாங்குங்கள். பலகை மூடியபின் எவராலும் அடித்தளத்தைக் காண இயலாது. ஆகவே, மூடுமுன் ஒருநாள் வேலையை நிறுத்தி, பொறுப்பானவர்கள் நேரில் வந்து பார்க்கும் ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. விழாவுக்கு நாள் குறிப்பவர்களும் அந்தக் கொப்பியைப் பார்த்த பின்னரே நாள் குறிக்க வேண்டும். விருந்தினர் ஒரு மாதம் பிந்தி வரலாம்; அதனால் எவருக்கும் குறைவில்லை. ஈரமோ எவர் பொருட்டும் முந்திப் போவதில்லை.

பாடசாலையிலே உயர்வகுப்புப் பெறுபேறு வந்தவுடன் அவ்வகுப்பின் ஆசிரியருக்கு மாலை விழுகின்றது. அப்பிள்ளைக்குப் பாலர் வகுப்பிலே எழுத்துக் கூட்டக் கற்பித்த ஆசிரியையை எவரும் மேடைக்கு அழைப்பதில்லை. அடித்தளம் இடுபவரின் நிலையும் அதுவே. அவர் வேலை நன்றாக அமைந்தால் அதனை எவரும் காணார். பழுதானால் மாத்திரமே எல்லோரும் காண்பர். ஆகையால், உங்கள் ஊரிலே புதிய மண்டபம் ஒன்று எழுமானால், எந்த மரம் என்று கேட்குமுன், கீழே என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பவர் ஒருவர் இருக்கின்றார் என்று தெரிந்தாலே பல வேலைகள் ஒழுங்காக நடைபெறும்.